சென்னைக்குப் போக ஹவுரா வந்த ஆலிவ் எண்ணெய்

காலை பதினொன்றரைக்கு ஹவுராவில் இறங்கினேன். சென்னையிலிருந்து 1,660 கிலோமீட்டர். வந்த காரணம் ஒரே ஒரு வரி.

உணவுப் பொருட்களின் லேபிள்களைத் தமிழில் எழுதித் தருவது என் தொழில். ஆலிவ் எண்ணெய் இறக்குமதி செய்யும் இங்குள்ள நிறுவனம் ஒன்று, தமிழ்நாட்டுக்குப் போகும் பாட்டிலில் "பூமிக்குப் பாரமில்லாத எண்ணெய்" என்று போடச் சொன்னது. ஆதாரம் கேட்டேன். நேரில் வந்து பாருங்கள் என்று டிக்கெட் அனுப்பிவிட்டார்கள்.

பகல் ஒன்றேகால், சால்ட் லேக்கில் அவர்கள் அலுவலகம். ஸ்டேஷனிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். மஞ்சள் டாக்ஸி ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தது. மேலாளர் ராமநாதன் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"ஆலிவ் தோட்டத்துக்கு மழைத் தண்ணியா, போர்வெல் தண்ணியா சார்?"

"அது ஸ்பெயின்ல இருக்கு மேடம். நமக்கெப்படித் தெரியும்?"

"எண்ணெய் எடுத்தப்புறம் சக்கையையும் கழிவுத் தண்ணியையும் எங்க விடறாங்க?"

"மெயில் போட்டிருக்கோம். ரிப்ளை வரலை."

"அப்ப நான் எதைப் பார்க்க வந்தேன்?"

"கோடவுனை. ஹவுராவுல இருக்கு."

நான் இறங்கிய அதே ஹவுரா. இதைக் காலையிலேயே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அவருடன் மறுபடி அதே நெரிசல், அதே பாலம்.

நாலு மணிக்குக் கோடவுன். மாலதி என்ற நடுத்தர வயதுப் பெண் ஒவ்வொரு கண்ணாடிப் பாட்டிலின் பிளாஸ்டிக் உறையையும் கிழித்து, லேபிள் ஒட்டி, புது உறை சுற்றிக்கொண்டிருந்தார். கிழித்த உறைகள் என் தோளுயரத்துக்குக் குவிந்திருந்தன. வழியில் உடைந்த பாட்டில்களின் எண்ணெய் வாசல் சாக்கடையில் மினுமினுத்தது.

"இதெல்லாம் எங்க போகுதுன்னு கேளுங்க சார்."

மாலதி வங்க மொழியில் நிறையச் சொன்னார். ராமநாதன் சுருக்கினார்: "எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

பிரிஷ்டி, கொங்கா என்ற இரண்டு சொற்கள் எனக்கே புரிந்தன. மழை, கங்கை.

"கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வருது?"

ராமநாதன் சொன்னார்: "சென்னை."

"சென்னையில இறக்கி, லாரியில இங்க கொண்டுவந்து, லேபிள் ஒட்டித் திரும்ப சென்னைக்கா? அங்கேயே ஒட்டினா என்ன?"

"நம்ம கோடவுன் இங்கதானே மேடம் இருக்கு."

அவர் சமாதானமாக, "சரி, பூமியை விட்டுடலாம். 'ஸ்பெயினிலிருந்து நேராக உங்கள் சமையலறைக்கு'ன்னு போடலாமா?" என்றார்.

முடியாது என்றேன். வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்றார், மரியாதை குறையாமல். மூன்று வருடமாக வந்துகொண்டிருந்த வேலை அந்த வாசலில் முடிந்தது.

டாக்ஸி வரும்வரை கூடவே நின்றார். கதவைத் திறந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்ல கடுகெண்ணெய்தான் மேடம்" என்றார்.

எங்கள் வீட்டில் நல்லெண்ணெய், தெருமுனைச் செக்கில் ஆட்டியது என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அந்த எள் எங்கிருந்து வருகிறது என்று செக்குக்காரரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.