வெள்ளைத் துணிக்கு மங்கிய விளக்கு

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில் டெஸ்டர் வைத்திருந்ததால் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஐந்தாம் வகுப்போடு உறவு முறிந்தது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் ஷாக் அடித்துப் படித்ததுதான். ஆனால் அந்தப் படிப்பு மறக்காது. படித்த இன்ஜினியர்கள் வரைபடம் கொண்டுவந்து நீட்டினால் ஒரு பார்வை பார்த்து, "இது ஓடாது தம்பி" என்பார். ஓடாது. நாற்பத்தோரு வருஷத்தில் 'நீ செய்த வேலை சரியில்லை, திரும்ப வா' என்று ஒரு வாசலிலிருந்தும் அவருக்கு ஆள் வந்ததில்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார் என்பது உண்மைதான். சொல்லிக்கொள்ள இருக்கிறவன் சொல்கிறான், இல்லாதவன் எதைச் சொல்வான்?

வேலைச் சுத்தத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை. ஏணியைச் சாத்துமுன் கீழே இருக்கிற சாமானையெல்லாம் எடுக்கச் சொல்லி, தன் கருநீலப் படுதாவை விரித்துவிடுவார். துளை போட்ட தூசி ஒரு பொட்டுகூட அடுத்தவன் மேஜையில் விழக்கூடாது. "வேலைக்காரன் வந்துட்டுப் போனது விளக்கு எரியறதுல தெரியணும், குப்பையில தெரியக்கூடாது" என்பார்.

அப்படிப்பட்டவரைத்தான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வெட்டும் கூடத்துக்குப் புது விளக்கு போடக் கூப்பிட்டார்கள். சாதாரண விளக்கு இல்லை. கூரையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண் இருக்கும். அது மேலிருந்து மேஜையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஜன்னல் வழியே வெயில் நிறைய வந்தால் எல்இடி விளக்குகளை இறக்கும், மேகம் மூடினால் ஏற்றும். வெயில் கொடுத்தது போக மிச்சத்தை மட்டும் விளக்கு கொடுக்கும். மேஜை மேல் எந்நேரமும் ஐந்நூறு லக்ஸ் வெளிச்சம். டெஸ்டர் அந்தக் கண்ணைப் பொருத்தினார், வெளிச்சம் அளக்கிற மீட்டர் வைத்து ஐந்நூறுக்குப் பழக்கினார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வீட்டுக்குள்ளேயே புகார் வந்தது. அந்தக் கூடத்தில் கட்டிங் மாஸ்டர் வேறு யாரும் இல்லை, டெஸ்டரின் மனைவியுடைய தம்பி. இருபத்தேழு வருஷமாகக் கத்தி பிடிக்கிறவர்.

"அத்தான், உங்க விளக்கு சில நாள் நல்லா எரியுது. சில நாள் கோடே தெரியல."

"ஏன் மாப்ளே, விளக்குக்கு மனசு சரியில்லையா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நேத்து கத்தி கோட்டை விட்டு ஒதுங்கிடுச்சு. நாற்பது அடுக்கு துணி பாழ்."

டெஸ்டர் போய்ப் பார்த்தார். மேஜையைக் காலி செய்யச் சொன்னார், படுதாவை விரித்தார், ஏணியில் ஏறிக் கூரைக் கண்ணைத் துடைத்தார், இறங்கி மீட்டரைப் பிடித்தார். ஐந்நூறு. பதிவேட்டில் 'சரியாக உள்ளது' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். நாலு நாளில் மறுபடி புகார். மறுபடி மேஜை, படுதா, ஏணி, மீட்டர். ஐந்நூற்று இரண்டு. மூன்றாம் முறையும் அதே கதைதான். மூன்றாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு, மேனேஜர் அம்மாவிடம் அவரே வாய் திறந்து சொன்னார்: "விளக்குல குறையில்ல மேடம். பார்க்கிற கண்ணுல இருக்கலாம்."

சொன்ன வார்த்தை வீடு வந்து சேருமுன் வேலை செய்துவிட்டது. இரண்டாவது லாட்டும் பாழானது. மாஸ்டரின் இரும்பு வலைக் கையுறையில் கத்தி ஒருமுறை உரசியது. மேனேஜர் அம்மா கடிதம் தயார் செய்துவிட்டார். வியாழக்கிழமை பத்து மணிக்குத் தன் கண் முன்னால் ஒரு அடுக்கு வெட்டிக் காட்ட வேண்டும். கோடு தப்பினால் அன்றோடு கத்தி கிடையாது, பேக்கிங் பிரிவில் பெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

அன்று காலை டெஸ்டர் கிளம்பும்போது மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"என் தம்பி பொய் சொல்ல மாட்டான்."

"அப்ப நான் சொல்றேனா?"

"நீங்க பொய்யும் சொல்ல மாட்டீங்க, தப்பும் பண்ண மாட்டீங்க, தெரியும். கத்தி போச்சுன்னா அவன் மனுஷனா இருக்க மாட்டான். அதையும் உங்க மீட்டர்ல அளந்துட்டு வாங்க."

அவர் படுதாவையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கூடத்தில் மேஜை மேல் வெள்ளைத் துணி ஏற்கெனவே நாற்பது அடுக்கு விரித்திருந்தது. ஆஸ்பத்திரிக் கோட்டு தைக்கிற துணி. மேல் அடுக்கில் வெளிர் நீலச் சாக்பீஸ் கோடு, முடி கனத்தில். வேலையாட்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"ஏணியெல்லாம் வேண்டாம். துணி விரிச்சாச்சு" என்றார் மேனேஜர் அம்மா. "நீங்க மீட்டரை மட்டும் பிடிங்க. வெளிச்சம் சரியா இருந்துச்சான்னு நாளைக்கு யாரும் என்னைக் கேட்கக்கூடாது."

மாஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டே அத்தானைப் பார்த்தார். "நல்லா பிடிங்க அத்தான். கை நடுங்குதுன்னா சொல்லுங்க, உங்களையும் பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்றேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். டெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அப்போதுதான் மீட்டரைப் பார்த்தார். இருநூற்று நாற்பது.

பேட்டரி போயிருக்கும் என்று ஒரு தட்டுத் தட்டினார். இருநூற்று நாற்பதேதான். கத்தி இயந்திரம் இரைய ஆரம்பித்தது. மாஸ்டர் இடது கையால் துணியை அமுக்கிப் பிடித்து, வலது கையால் இயந்திரத்தைத் தள்ளினார். கத்திக்கும் விரலுக்கும் நாலு விரற்கடை இடைவெளி. நேர்க்கோடு சுத்தமாக வந்தது. அடுத்தது அக்குள் வளைவு.

வெளியே மேகம் மூடியது. ஜன்னல் மங்கியது. விளக்கு ஏற வேண்டும். அதற்குத்தானே அந்தக் கண்! டெஸ்டர் கூரையைப் பார்த்தார். விளக்குகள் விடிவிளக்குபோல மினுங்கிக்கொண்டு அப்படியே நின்றன. மீட்டரில் நூற்று அறுபது. ஏறவே இல்லை. கீழே வெள்ளையாக இத்தனை பெரிய பரப்பு பளபளக்கும்போது, போதுமான வெளிச்சம் இருக்கிறது என்று அந்தக் கண் நினைத்துக்கொண்டிருக்கிறது.

அப்போது அவருக்கு விளங்கியது. பழக்கிய நாளில் அந்தக் கண் பார்த்தது வெள்ளைத் துணியை இல்லை, அவருடைய கருநீலப் படுதாவை. கருப்பிலிருந்து திரும்புகிற வெளிச்சத்தையே அளவு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கருப்புத் துணி வெட்டுகிற நாளெல்லாம் விளக்கு சரியாக எரிந்திருக்கிறது, வெள்ளை வந்த நாளெல்லாம் படுத்திருக்கிறது. மூன்று முறை சோதிக்க வந்தாரே, மூன்று முறையும் படுதாவை விரித்து, நோயை அவரே மறைத்துவிட்டு, நோயில்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். போலீஸ்காரனைப் பார்த்தால் திருடன்கூட நல்லவன்தானே.

மாஸ்டர் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு இயந்திரத்தைத் தொடுகிற அளவுக்கு. இடைவெளி இரண்டு விரற்கடையாகிவிட்டது.

நிறுத்து என்று கத்த வாயெடுத்தார். கத்தவில்லை. கத்தி ஓடும்போது கூப்பிட்டால் ஆள் திரும்புவான், கை போகும். நாற்பத்தோரு வருஷம் ஏணி மேல் நின்றவருக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. மறைப்பானேன், தோன்றியது. கோடு தப்பினால் பழி மாஸ்டரின் கண்ணுக்குத்தான் போகும், தன் பேர் நிற்கும். அந்த ஒரு கணம் கழிவதற்குள் கால் தானாகச் சுவரோரம் போய்விட்டது. இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினார்.

இரைச்சல் தேய்ந்து அடங்கியது. மாஸ்டரின் கை தானாக நின்றது. கத்தி நீலக் கோட்டைவிட்டு ஒரு நூல் விலகி, விரலுக்கு அருகே நின்றிருந்தது.

"யார் பிளக்கை எடுத்தது?" என்றார் மேனேஜர் அம்மா.

"நான்தான்."

"கோடு தப்பிடுச்சு, பார்த்தீங்கள்ல? உங்க சொந்தக்காரர்னு காப்பாத்தப் பார்க்கறீங்களா?"

டெஸ்டர் பையிலிருந்து படுதாவை எடுத்து வெள்ளைத் துணி மேல் உதறி விரித்தார். நாலு எண்ணுவதற்குள் கூடம் முழுக்க வெளிச்சம் ஏறியது. மீட்டரை மேனேஜர் அம்மா கையில் கொடுத்தார். ஐந்நூறு. படுதாவை உருவினார். விளக்குகள் மெல்லப் படுத்தன. நூற்று எழுபது. மறுபடி விரித்தார், மறுபடி உருவினார். மூன்றாவது தடவை மேனேஜர் அம்மாவே கை நீட்டிப் படுதாவைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் கண்ணுல குறையில்ல மேடம். நான் பழக்கினதுதான் தப்பு. வெட்டுற துணியை வெச்சுப் பழக்கியிருக்கணும்."

"மூணு கையெழுத்து போட்டிருக்கீங்க."

"மூணும் தப்பு."

மேனேஜர் அம்மா கடிதத்தை மடித்துத் தன் கோப்புக்குள் வைத்தார், கிழிக்கவில்லை. "சொன்னதைப் பதிவேட்டுல எழுதுங்க. உங்க கையாலயே. நீங்க விளக்கு போட்ட மத்த ரெண்டு கூடத்தையும் வேற ஆள் வந்து சோதிக்கட்டும்."

வேற ஆள்! அந்தச் சொல் ஷாக்கைவிட உறைத்தது. "வரட்டும்" என்றார்.

கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது. பேனாகூட இரவல்தான். இரண்டு வரி எழுதக் கால் மணி நேரம் பிடித்தது. மாஸ்டர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"அத்தான், வெளிச்சம் போதுமா? கோடு தெரியுதா?"

"போடா, போய் ஏணியைப் பிடி."

வெள்ளைத் துணி மேஜையிலேயே இருக்க, டெஸ்டர் ஏறினார். கீழே மைத்துனர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மீட்டரைத் துணி மேல் வைத்து மேனேஜர் அம்மா எண்ணைச் சொல்லச் சொல்ல, மேலே அவர் திருகினார். மேகம் போய் வெயில் வரும்வரை காத்திருந்தார்கள், வெயில் போய் மேகம் வரும்வரையும் காத்திருந்தார்கள். விளக்கு இறங்கியது, ஏறியது. எண் ஐந்நூறைச் சுற்றியே நின்றது.

பிறகு புது அடுக்கு விரித்தார்கள். பிளக்கை டெஸ்டரே செருகினார். மாஸ்டர் இந்தத் தடவை நிமிர்ந்தே நின்று தள்ளினார். நேர்க்கோடு. தோள். அக்குள் வளைவில் கத்தி திரும்பியபோது டெஸ்டர் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் முணுமுணுத்தார்: "ஐந்நூத்தி பத்து... ஐந்நூறு... நானூத்தி தொண்ணூத்தெட்டு..."

"வாயை மூடுங்க அத்தான், வெட்ட விடுங்க" என்றார் மாஸ்டர், கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமலே.

வாயை மூடிக்கொண்டார்.