அண்ணன் இல்லை, மாமா

அத்தை வீட்டுச் சுவரில் அப்பாவின் கல்யாணப் படம் ஒன்று தொங்கும். அப்பா மாலையோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பது அம்மா இல்லை, அத்தை. ஒரு புடவையின் ஒரு முனை அப்பாவிடம், மறு முனை அத்தையிடம். அவர்கள்தான் பெண் மாப்பிள்ளை என்று நினைத்து, அதை வாய்விட்டுச் சொல்லி முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். அது இணைச்சீர். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் உட்கார்ந்து செய்யும் சீர். உனக்குப் பெண் பிறந்தால் என் மகனுக்குத் தர வேண்டும் என்று அவள் கேட்டு வைப்பதாக அர்த்தம் சொல்வார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது போட்டோவுக்கு உட்காரும் சடங்கு. அத்தைக்கு அப்படி இல்லை.

அப்போது அத்தையின் மகன் நடக்கத் தொடங்கியிருந்தார். நான் பிறக்கவே இல்லை, அதற்குள் எனக்கு மாப்பிள்ளை தயார். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் செய்தது ஒன்றுதான். எனக்குப் பேச்சு வந்ததும் அத்தை மகனைக் காட்டி, "அண்ணா சொல்லு" என்று பழக்கிவிட்டார். முறைப்படி அவர் எனக்கு மாமா. அண்ணா என்றே கூப்பிட்டு வளர்ந்த பெண்ணை எப்படிக் கட்டிவைப்பார்கள் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறார், பாவம்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் பெரியம்மா. அவரைச் சொந்தத் தாய்மாமனுக்கே கொடுத்திருந்தார்கள். பிறந்த பையனுக்குக் காது கேட்கவில்லை. அவன் கெட்டிக்காரன், இன்று நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். பெரியம்மாவைத்தான் விடவில்லை. "உன் வயித்துல என்ன கோளாறோ" என்று இருபது வருஷம் குத்திக்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த அம்மா, யார் வீட்டுக் குழந்தையானாலும் பின்னால் போய் நின்று கைதட்டிப் பார்ப்பார். குழந்தை திரும்பினால்தான் தூக்குவார். நாங்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வோம்.

புதுச்சத்திரத்தில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் "அண்ணா" என்று கூப்பிட்ட உடனே சமையலறையிலிருந்து குரல் வரும்.

"யாரு உனக்கு அண்ணன்? மாமான்னு சொல்லு சாமி."

அத்தை சத்தம் போட்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே தணிந்த குரலில் அதையே சொல்வார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

நான் கல்லூரி முடித்த மாதமே அத்தையும் மகனும் பூவும் பழமுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காப்பித் தட்டை நீட்டி, வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அண்ணா, காப்பி எடுத்துக்கங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை சிரித்தார். "சொல்லட்டும், சொல்லட்டும். தாலி ஏறுனா வாய் தன்னால மாறிக்கும்."

அவர்கள் போன பிறகு அப்பாவிடம் அழுதேன். பெரியம்மா பட்டதெல்லாம் தெரிந்துமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு அந்த முனையப் புடிச்சுட்டேனே சாமி. அக்காகிட்ட இல்லீன்னு எப்படிச் சொல்றது?"

கல்யாணம் நடந்தது. அவர் நல்ல மனுஷன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் எனக்கு அண்ணா என்றும் வாய் வரவில்லை, மாமா என்றும் வரவில்லை. "ஏனுங்க" என்று கூப்பிட்டுக் காலத்தை ஓட்டினேன். எங்கள் பக்கம் எல்லாப் பெண்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உண்டானபோது டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சொந்தமா, அசலா?" அத்தை மகன் என்றேன். அவர் "ம்" என்றதோடு சரி. அந்த "ம்" பிரசவம் வரைக்கும் என் காதிலேயே இருந்தது.

பையன் பிறந்து ஆறாம் மாதம் அம்மா பார்க்க வந்தார். அந்தப் படத்துக்குக் கீழேதான் பாயில் அவனைப் படுக்க வைத்திருந்தேன். மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா வழக்கம்போல அவன் தலைமாட்டுக்குப் போய்க் கையைத் தூக்கினார். தட்டவில்லை. கையை இறக்கிவிட்டார்.

"என்னால ஆகாது சாமி. நீயே தட்டு."

தட்டினேன். அவன் மின்விசிறியையே பார்த்தான். இன்னும் பலமாகத் தட்டினேன். சத்தம் கேட்டு வந்த அத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த சொம்பை அவரே தரையில் போட்டார். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. பையன் சிரித்தபடியே கிடந்தான்.

வீட்டுக்குப் பின்னால் கோழிப்பண்ணையில் வேலையாக இருந்த என் வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"அண்ணா, இங்க வாங்கண்ணா!"

அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் என்னைத் திருத்தவில்லை.