கொரியனுக்குச் சொந்தம் தேடியது

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று சின்ன வயதில் அடம்பிடித்து நின்றுவிட்ட என் மகள், வளர்ந்தபின் கொரிய மொழியை விழுந்து விழுந்து படித்தாள். அவள் விரும்பிய பையன் கொரியன். பையனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மொழியில்தான் பொறாமை. பெற்ற தாய் என்னோடு இங்கிலீசில் மட்டும் பேசுகிறவள், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹரோ ஊர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அவனுடைய தாயோடு போனில் கொரியனில் கொஞ்சுவாள்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கொரியன் தமிழிலிருந்து பிறந்ததாம். அங்கேயும் அப்பா அப்பாதானாம். பாதியை நம்பினேன், மீதியை நம்ப ஆசைப்பட்டேன். பிள்ளை எங்கே போனாலும் நம்முடைய வீட்டு வளவுக்குள்தானே நிற்கிறாள் என்று ஓர் ஆறுதல்.

பையனின் தாய் சியோலிலிருந்து வந்தபோது எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இடியப்பமும் சொதியும் பரிமாறியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமியிட்டக் கேள் பிள்ளை, அவையின்ர பாசை எங்கட பாசையிலயிருந்துதானே வந்தது?"

மகள் என்னை முறைத்துவிட்டுக் கேட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். பையன் அதை இங்கிலீசில் சொல்லத் தொடங்க, மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். வரப்போகிற மாமியாருக்கு முன்னால் தாயோடு இங்கிலீசில் பேச வெட்கப்பட்டாளோ என்னவோ, தட்டுத்தடுமாறித் தமிழில் தொடங்கினாள்.

"மாமி சொல்லுறா... கனபேர் கொரியனுக்குச் சொந்தம் தேடினவையாம். ஜப்பானில, வடக்குப் பக்கத்து நாடுகளில, இந்தியாவிலயும். ஒருதரும் சரியாக் காட்டேல்லை. தங்கட நாட்டிலயே ஒரு தீவில கதைக்கிற பாசை மட்டும்தான் கூடப்பிறந்ததாம். அப்பா, அம்மா எண்டு... எந்த நாட்டுக் குழந்தையும் அப்பிடித்தான் சொல்லுமாம்."

"அப்ப எங்களுக்குச் சொந்தமில்லையோ?"

"இல்லையம்மா. அது தனிப் பாசை."

நான் கட்டி வைத்திருந்த ஆறுதல் அத்தோடு போயிற்று. ஆனால் அது போன கதையை என் பிள்ளை முழுக்க முழுக்கத் தமிழில் எனக்குச் சொல்லியிருந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் அவ்வளவு தமிழ் கேட்டேன். அவளுடைய தட்டில் இன்னோர் இடியப்பத்தை வைத்தேன்.

"மாமி வேற என்ன சொல்லுறா பிள்ளை?" என்று கேட்டேன்.