சந்திரமதி கட்டிய காப்பு

சந்திரமதியை நர்ஸ் என்று யாரும் அழைத்ததில்லை. சம்பளம் போடுகிற இடத்தில் அவள் கூலி, ஆஸ்பத்திரியில் ஆயா. நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர்கள் வேளைக்கு ஒன்றாக மாறும். அவற்றில் பாதியை அச்சில் போட முடியாது.

மலாயாவில் சிகாமட்டிலிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் போனால் வருகிற ரப்பர்த் தோட்டம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். நாமக்கல் பக்கத்திலிருந்து புருசனோடு கப்பல் ஏறி வந்தவள், முதல் மழைக்காலத்திலேயே அவனைக் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டாள். அன்று பக்கத்தில் வரவே எல்லாரும் பயந்தபோது, அவளே தனியாக அவனைக் குளிப்பாட்டிக் கோடி போர்த்தினாள். அதைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலையும் சேர்த்துப் பார்க்கிற டிரஸ்ஸர் சதாசிவம் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். இவள் தாங்குவாள் என்று முடிவு கட்டினார். ஒருத்தி தாங்குவாள் என்று அடுத்தவர் முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அவளுக்கு விடிவே கிடையாது. மறுவாரமே அவளைப் புல்வெட்டு வேலையிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரிப் ப் பின்கொட்டகையில் போட்டார்.

பின்கொட்டகை என்பது குணமும் ஆகாமல் சாகவும் மாட்டாமல் கிடப்பவர்களின் இடம். ஊருக்குத் திருப்பி அனுப்பலாம் என்றால் கப்பல்காரன் ஏற்ற மாட்டான். காடு வெட்டும்போது மரம் சாய்ந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போன செல்லப்பன் அங்கே கிடந்தார். கண்ணும் காலும் போய் நாக்கு மட்டும் பாக்கியிருந்த ராஜம்மா கிடந்தாள். இன்னும் பலர் கிடந்தார்கள். துடைப்பது, புரட்டுவது, ஊட்டுவது, அள்ளுவது, துவைப்பது எல்லாவற்றுக்கும் சந்திரமதி ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை தோட்டமே படுத்துத் தூங்கும். வயிற்றுப்போக்குக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதே, அதனால் இவள் மட்டும் தூங்க மாட்டாள்.

இப்படியே பல வருசம் ஓடியது. ஒருநாள் காலையில் காளியப்பன் இறந்துபோனார். நீர் கோத்து வீங்கிக் கிடந்த கிழவர். அவளை ஆத்தா என்று கூப்பிட்டவர் அந்தக் கொட்டகையில் அவர் ஒருவர்தான். அவர் கண்ணை மூடிவிட்டபோது சந்திரமதியின் மனசில் முதலில் வந்தது, இனிமேல் ஒரு வேட்டி துவைக்கிறது மிச்சம் என்பதுதான். இரண்டாவதாக எதுவும் வரவில்லை. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அழுகைக்காகக் காத்து நின்றாள். அது வரவே இல்லை. அவள் பயந்துபோனாள். புருசனைக் குளிப்பாட்டும்போதுகூட வராத பயம்.

நேரே டிரஸ்ஸரிடம் போனாள்.

"ஐயா, எனக்குக் கொஞ்ச நாள் லீவு வேணும். மனசு மரத்துப் போச்சு."

"மரத்துப்போனா நல்லதுதானே. வலிக்காது."

"வெளையாடாதீங்கய்யா. பயமா இருக்கு."

"நீ போய்ட்டா அங்க யாரு அள்ளுவா, நானா?" என்று கேட்டுவிட்டுச் சதாசிவம் பிள்ளை சிரித்தார். உலகத்தில் நடக்கவே முடியாத காரியத்தைச் சொல்லிவிட்ட சிரிப்பு.

அவர் கெட்டவர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் தேவாரம். கோழி வெட்டுகிற சாமிகள் மட்டும் அவருக்கு ஆகாது. தோட்டத்து மாரியம்மன் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். உடுக்கை அடித்தால் ஆடுகிறவர்களைப் பார்த்து, 'ஒரு வேளை பேதி மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்' என்பார்.

அந்த மாசம் மாரியம்மன் திருவிழா வந்தது. காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடியும்வரை பத்து நாளும் சுத்தமாக இருக்க வேண்டும். கறி கிடையாது, பிணத்தைத் தொடக்கூடாது, மலமூத்திரம் பக்கம் போகக்கூடாது, படுக்கை கோயிலில். முன்பு தோட்டத்து மானேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் திருவிழா லீவை வெட்டப் போக, மறுநாள் விடியலில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. அதிலிருந்து காப்பு விஷயத்தில் எந்தத் துரையும் வாய் திறப்பதில்லை. அள்ளக்கூடாது என்று அம்மனே சொல்கிற பத்து நாள் என்பது சந்திரமதிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருசம் இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

வார நாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வீரமுத்துதான் கோயிலுக்குப் பூசாரி. மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வேண்டுதல்?"

"தூக்கம்."

"ஏம்மா, இதெல்லாமா ஆத்தாகிட்ட கேப்பாங்க?"

"டிரஸ்ஸர்கிட்ட கேட்டுப் பாத்தாச்சு. அவருக்கு மேல இவதான்."

வீரமுத்து கட்டிவிட்டார். கடைசி நாள் தீச்சட்டி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சட்டி என்ன, அடுப்பையே தூக்குகிறேன் என்றாள்.

சதாசிவம் பிள்ளை குதித்தார். கூலிகள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய் மாற்று ஆள் தேடினார். எவளைக் கேட்டாலும் மணிக்கட்டைத் தூக்கி மஞ்சள் கயிற்றைக் காட்டினாள். தோட்டத்தில் பாதிப்பேர் காப்பு, மீதிப்பேர் காப்புக் கட்டினவர்களுக்குச் சமைக்கிறவர்கள். அம்மனை நம்பாமல் காப்பும் கட்டாமல் கை சும்மா இருந்தவர் அந்தத் தோட்டத்திலேயே ஒருவர்தான். அவர் முன்கொட்டகைக் காய்ச்சல்காரர்களைக் காலையில் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கொட்டகைக்குப் போனார்.

முதல் நாள் தேவாரம் பாடிக்கொண்டே அள்ளினார். மூன்றாம் நாள் பாட்டு நின்றது. ஐந்தாம் நாள், ராஜம்மா சொன்னபடி பார்த்தால், சைவர்கள் சொல்லாத வார்த்தைகள் வர ஆரம்பித்தன. ஏழாம் நாள் திருநீறு பூசவே மறந்துபோனார்.

சந்திரமதியோ கோயில் பந்தலில் தூங்கினாள். சாப்பிட எழுந்தாள், மறுபடியும் தூங்கினாள். இடையில் ஒருநாள் பின்கொட்டகை ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு ராஜம்மாவிடம் கவலையைச் சொன்னாள்.

"பத்து நாள் போனா மறுபடி அதே சூசா, அதே கஷ்டந்தானே? பழையபடி மரத்துப் போயிடுவேன்."

"அப்ப வாரம் ஒரு நாள் லீவு கேளு."

"யாரு குடுப்பா?"

"நீ கேட்டா குடுக்க மாட்டாங்க. ஆத்தா கேட்டா குடுப்பாங்க. தீச்சட்டி இங்க வாசல்ல நிக்கும்ல, துரையும் வந்து பாப்பாரு. அப்ப சாமி வந்த மாதிரி ஆடிச் சொல்லிடு. கண்ண உருட்டு. வாடா போடான்னு பேசு, ஆத்தா யாரையும் வாங்க போங்கன்னு சொல்ல மாட்டா."

"பாவம் இல்லையாக்கா?"

"இங்க வந்து எங்களைப் பாத்துட்டு அப்புறம் அவ பாவக் கணக்கு பேசட்டும்."

கடைசி நாள் பொழுது சாய்வதற்கு முன்னால் ஊர்வலம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி. சந்திரமதி வேப்பிலைமேல் சட்டியை ஏந்தி நின்றாள். உடுக்கை முழங்கியது. இதுதான் நேரம் என்று கண்ணை உருட்டினாள், வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பத்து நாள் வயிறாரச் சாப்பிட்டுக் கண்ணாரத் தூங்கின உடம்பில் ஆவேசம் எங்கிருந்து வரும்? இந்த வாய்ப்பு போனால் அடுத்த வருசம்வரை கிடையாது என்று நினைக்க நினைக்க நாக்கு இன்னும் ஒட்டிக்கொண்டது.

அப்போது பின்கொட்டகைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. சதாசிவம் பிள்ளை வந்துகொண்டிருந்தார். கையில் மலச்சட்டி. கழுவப் போனவர் உடுக்கைச் சத்தத்தில் அப்படியே திரும்பியிருக்கிறார். கண் செருகியிருந்தது. குடுமி அவிழ்ந்திருந்தது. சட்டியை விசிறியெறிந்துவிட்டுத் துரைக்கு முன்னால் நின்று ஆடினார்.

"யாரு வந்திருக்கேன்னு தெரியுதாடா? ஒத்தப் பொம்பள தலையில அத்தனையும் கட்டிட்டு நீங்க ஞாயித்துக்கிழமை தூங்குறீங்களாடா? அந்த டிரஸ்ஸர் பயல் லீவு கேட்டா சிரிக்கிறான். அவன் கொழுப்ப நான் அடக்குறேன். ரெண்டு ஆளு போடு. வாரத்துல ஒரு நாள் அவள விடு. இல்லைன்னா உன் மரம் ஒண்ணுகூடப் பால் குடுக்காது."

கிராணி நடுங்கிக்கொண்டே ஒவ்வொன்றாகத் துரைக்கு மொழிபெயர்த்தார். முதலில் எல்லாவற்றுக்கும் துரை புன்னகையோடு தலையாட்டினார். பால் என்றதும் புன்னகை போய்விட்டது. வீரமுத்து வேப்பிலையால் நாலு சாத்து சாத்தி, "மலையேறும்மா" என்று திருநீறு போட, அம்மன் இறங்கிப் போனாள். டிரஸ்ஸர் தரையில் சாய்ந்து அங்கேயே குறட்டை விட ஆரம்பித்தார்.

துரை அந்த வாரமே இரண்டு பெண்களைப் பின்கொட்டகைக்குப் போட்டார். ஆளுக்கு வாரம் ஒரு நாள் லீவு. சதாசிவம் பிள்ளை அதெல்லாம் பித்தமயக்கம் என்று கடைசிவரை சாதித்தார். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் அவர் கை வைக்கவே இல்லை. பிற்காலத்தில் சந்திரமதி மாட்டு வண்டியேறிச் சிகாமட்டுக்குக் குடி போகும்வரை அது அப்படியே நடந்தது.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலையில் அவள் கஞ்சியோடு பின்கொட்டகைக்குப் போனாள். மனசு ஆறவில்லை.

"இத்தனை வருசமா அள்ளுறவ நான். என் மேல வராம, பத்து நாள் அள்ளுனவர் மேல வந்துட்டாளே."

"நீ பழகிட்டே. அவர் உடம்புதான் தாங்கல" என்றாள் ராஜம்மா.

செல்லப்பன் படுத்தபடியே கண்ணைச் செருகி, இரண்டு கையையும் விரித்து, டிரஸ்ஸர் ஆடினதை ஆடிக் காட்டினார். இடுப்புக்குக் கீழே அசையாத மனிதர், மேலே அத்தனையும் ஆட ஆடினார். சந்திரமதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியபோது காளியப்பன் கிடந்த காலிக் கட்டில் கண்ணில் பட்டது. சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் கூடவே வந்துவிட்டது. ஆத்தா என்று கூப்பிட இனி ஆள் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு வலித்தது. அந்த வலி அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள்.

செல்லப்பன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"சிரிக்கிறதா இருந்தா சிரி, அழுவுறதா இருந்தா அழு. எதுவானாலும் ஊட்டிக்கிட்டே செய்யேன், கஞ்சி ஆறுது" என்றார்.

"வாயத் தொறந்து தொலைங்க" என்றாள் சந்திரமதி.