கரூலாவில் லெஸ் மாமாவின் தொப்பி

லெஸ் மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. கரூலா என்ற நாசகாரிக் கப்பலில் ஒன்பது வருஷம் கொதிகலன் பார்த்தவர். முதல் உலகப் போரில் நியூகினி போனார், மலாயா போனார், இத்தாலிப் பக்கம் நீர்மூழ்கி வேட்டைக்கும் போனார். ஒரு ஊரையும் பார்க்கவில்லை. மேலே பீரங்கி வெடிக்க, இவர் அடியில் எண்ணெய் அடுப்பின் சுடரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தாலி எப்படி என்று என் அப்பா கேட்டால் "சூடு" என்பார். மலாயா? "அதவிடச் சூடு."

பிறகு கப்பலை உடைசலுக்கு விற்றார்கள். இயந்திரங்களைப் பிடுங்கிவிட்டு, மிஞ்சிய கூட்டை ஆஸ்திரேலியாவில் எங்கள் ஹாக்ஸ்பரி ஆற்றுக்கே ஜல்லி சுமக்கக் கொண்டுவந்தார்கள். எங்கும் வேலை கிடைக்காத காலம். கப்பல் வேலைக்குப் பின் மாமா போட்ட சிப்பிப் பண்ணையையும் புழு தின்றுவிட்டது. வீட்டில் மேவிஸ் அத்தையும் மூன்று பிள்ளைகளும். அந்தக் கூட்டுக்குக் காவல் வேலை கேட்டுப் போனார்.

மேஸ்திரி மக்கிண்டே எரிச்சலில் இருந்தார். பாரம் ஏற்றினால் தண்ணீர் புகுகிறது; இறக்கிவிட்டுத் தேடினால் ஓட்டையைக் காணோம். கூட்டைச் சேற்றில் தள்ளிவிடலாம் என்றிருந்தார்.

மாமா ஏறியதும் பழைய கடற்படைத் தொப்பியைச் சரிசெய்து, கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் செய்கிற கடற்படை வழக்கப்படி பின்தளத்தைப் பார்த்து சல்யூட் வைத்தார். அங்கே ஜல்லிக் குவியலும் ஒரு டீக் கெட்டிலும்தான் இருந்தன.

"யாருக்குய்யா சல்யூட்டு, கெட்டிலுக்கா?" என்றார் மேஸ்திரி. ஆட்கள் சிரித்தார்கள். மாமா ஓட்டையைத் தேடி ஏணியில் இறங்கினார்.

இரண்டாம் கொதிகலன் அறை கும்மிருட்டு. மாமாவுக்கு விளக்கு தேவைப்படவில்லை. பக்கச்சுவரின் இரும்பு விலாக்களைக் கையால் தடவி எண்ணிக்கொண்டே போனார். பதினோராவது விலாவுக்குப் பின்னால், கசடுநீரை வெளியே தள்ளும் குழாய் இருந்த இடம். குழாயைப் பிடுங்கியவர்கள் துளையை அடைக்க மறந்திருந்தார்கள். கப்பல் வெறுமையாக மிதந்தால் அது தண்ணீருக்கு மேலே நிற்கும். பாரம் ஏறினால் தண்ணீருக்குள் அமிழும்; அன்றும் பாரம் இருந்ததால் நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் அடித்தளத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மாமா தொப்பியைச் சுருட்டித் துளையில் திணித்தார். நீர் நின்றது.

மேலே வந்து கப்பலை விட்டு இறங்கப் போகும்போது, இன்னொரு சல்யூட் வரும் என்று ஆட்கள் காத்திருந்தார்கள். மாமா வெறுமனே நின்றார்.

"என்ன, இப்ப இல்லயா?" என்றார் மேஸ்திரி.

"வெறுந்தலையோட வைக்கக்கூடாது, மேஸ்திரி. தொப்பி கீழ வேல பாக்குது."

மக்கிண்டே ஏணியில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, தன் எண்ணெய்ப் பிசுக்குத் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"இதப் போட்டு சல்யூட்ட வச்சிட்டுப் போ. நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துரு."

மாமாவுக்கு அது காதுவரை இறங்கியது. அப்படியே சல்யூட் வைத்தார்.