தண்ணீர் வராத போர்

ஆட்டையாம்பட்டியில் வீடு கட்டியதும் ஆழ்துளைக் கிணறு போட வண்டி வரவழைத்தேன். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடும்படி அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். விசுவாசிக்கு அது ஆகாது என்று மறுத்துவிட்டேன். எங்கள் சபைப் போதகர் வந்து ஓர் இடத்தைக் காட்டி, அங்கேயே நின்று ஜெபித்தார். ஜெபம் நீண்டுகொண்டே போனது.

"ஐயா, சீக்கிரம் ஆமென் சொல்லுங்க. வண்டி சும்மா நின்னு டீசல் குடிக்குது" என்றார் போர் வண்டிக்காரர்.

அந்த இடத்திலேயே துளையிட்டார்கள். கடைசி வரை புழுதிதான் வந்தது. குளிக்கவும் குடிக்கவும் டேங்கர் தண்ணீர்தான் என்றாகிவிட்டது.

"கர்த்தரோட வேளை இன்னும் வரலீங்க" என்றார் போதகர். சபையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டுக் குழாயிலெல்லாம் தண்ணீர் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்பவாச்சும் அந்தத் தேங்காய்க்காரரக் கூப்புடலாங்களா?" என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

போன ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மைகளை அவரவர் எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் நானும் எழுந்தேன்.

"போர்ல தண்ணி இல்லீங்க. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும், எனக்கு அது போதும். இனிமே அதப் பத்தி எங்கிட்ட யாரும் ஆறுதல் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.