பஞ்சநதம் சிரித்த படம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில் பேனர் கடை வைத்திருக்கிறாளே வானதி, அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கடைத்திறப்பு என்று எது செய்தாலும் பைலைப் பத்திரமாகச் சேவ் பண்ணி வைப்பாள். அஞ்சலி போஸ்டர் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள். அச்சுக்குப் போனதும் பைலை மூடுவாள். சேவ் பண்ணட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். வேண்டாம் என்று தட்டிவிட்டு எழுந்துபோய்க் கைகால் கழுவுவாள். காரியத்துக்கு எடுத்த பொருளை யாராவது வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்குவார்களா? ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற பெட்டி அது. அதற்குள் சாவை வைப்பானேன்?

அச்சு மிஷினைப் பார்த்துக்கொள்கிற புருஷன் ஜெகன் கேலி செய்வான். "பைலுக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்து உன்னைப் புடிக்கப் போறாங்களா?"

"வந்தா முதல்ல உங்களைத்தான் புடிப்பாங்க. மிஷின்கிட்ட நிக்கிறது நீங்கதானே?"

மாசி மாதம் ஒரு காலை, கேட் போட்டிருந்த நேரம், குணசேகரன் பைக்கை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வந்தான். பக்கத்துக் கிராமத்துக்காரன். சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதலுக்குப் போட்ட அலுப்பு முகத்திலேயே இருந்தது. போன வருஷம் அவன் அப்பா பஞ்சநதம் தவறியபோது போஸ்டர் செய்து கொடுத்தவள் வானதிதான்.

"அக்கா, நாளைக்கழிச்சு அப்பாவுக்கு முதல் வருஷம். அதே படத்தை வச்சு ஒண்ணு அடிக்கணும்."

"படம் கொடுங்க தம்பி."

"உங்ககிட்ட இருக்குமே!"

வானதி திரையை விட்டு நிமிர்ந்தாள். "எங்கிட்ட இல்லியே. வீட்ல இல்லியா?"

வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது கார்த்திகை மழையில் சுவரோடு ஊறி, முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது. போனில் இருந்தது பழைய போனோடு வாய்க்காலில் போயிற்று. வேறு படம் ஏது? போட்டோ என்றாலே வயலுக்கு ஓடுகிற மனுஷன். ஆதாரில் ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் அவன் அம்மா தனபாக்கியம், "இது யாருடா?" என்கிறாளாம்.

"அம்மா படம் மாட்டியிருந்த ஆணியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்குக்கா. உங்ககிட்ட இருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஜெகன் மிஷின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். அந்தப் பார்வையே வானதிக்குச் சுருக்கென்றது. திரைப் பக்கம் திரும்பிப் பழைய பைல்களை ஓடவிட்டாள்.

"உங்க சொந்தத்தில யாருக்காவது எங்கிட்ட கல்யாணப் பேனர் அடிச்சீங்களா?"

"அத்தை மகன் ராம்கி கல்யாணத்துக்கு அடிச்சோமே."

"அப்பாவோட கூடப்பொறந்த அத்தையா? அப்ப உங்கப்பா மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாச்சே!"

தாய்மாமன் படம் இல்லாத கல்யாணப் பேனர் இந்தப் பக்கத்தில் தொங்குமா? தொங்கினால் பந்திக்கு முன்னால் சண்டையல்லவா பரிமாறுவார்கள்? தங்கச்சி கோபித்துக்கொள்வாளே என்று பஞ்சநதமும் ஒரு தடவை போட்டோவுக்கு நின்றுதான் இருக்க வேண்டும்.

ராம்கியின் பைலைத் தேடித் திறந்தாள். ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு அவர் முகம்.

"இத்துனூண்டுதானா?" என்றான் குணசேகரன்.

"பொறுங்க தம்பி. நாங்க வட்டம் போட்டது மேலுக்குத்தான். முழுப் படமும் உள்ளேயே இருக்கும்."

வட்டத்தைக் கழற்றினாள். படம் முழுசாக விரிந்தது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வாயெல்லாம் பல். பக்கத்தில் தனபாக்கியம், துண்டின் நுனியை இழுத்துப் பிடித்தபடி. ஓடப் பார்த்தவரை அவள்தான் நிறுத்தியிருக்கிறாள்!

குணசேகரன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையோடு அவனுக்கு வேறு கவலை வந்துவிட்டது. "அஞ்சலியில போய் இப்படிச் சிரிச்சா ஊர்ல என்ன சொல்வாங்க? வாயைக் கொஞ்சம் மூடி வைக்க முடியுமாக்கா?"

"சிரிச்ச வாயை நான் மூட மாட்டேன். அம்மாவைக் கேளுங்க."

படத்தை வீட்டுக்கு அனுப்பினான். அப்புறம் போன் அடித்தது.

"ஊரைக் கேட்டுக்கிட்டாடா உங்கப்பா சிரிச்சாரு?" தனபாக்கியத்தின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அப்படியே போடச் சொல்லு. ஆனா தாயி வானதி, என்னை எடுத்துடும்மா. குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எனக்கும் சேர்த்து அஞ்சலி போட்டுடாதே!"

போஸ்டரில் அவரை மட்டும் வைத்தாள். ஜோடியாக நின்ற படத்தைத் தனிப் பைலாக்கி, "குணசேகரன் வீடு" என்று பெயர் கொடுத்துச் சேவ் பண்ணினாள்.

"அதுலயும் அவரு இருக்காரே?" என்றான் ஜெகன்.

"இது கல்யாணத்துக்கு எடுத்த படம். நீங்க போய் மிஷினைப் பாருங்க."

அந்தப் படத்தையும் அச்செடுத்து, சட்டம் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள். தனபாக்கியம் அதைக் கையில் வாங்கியதும், துண்டைப் பிடித்திருக்கிற தன் கை நன்றாக விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாளாம்.